சிறிது, நடுத்தரம்

சேதராப்பட்டில் பாட்டில் மூடி அடிக்கும் கம்பெனி.
பிரஸ் ஹாலில் பதினெட்டு மிஷின்.
சத்தம் அளக்க வந்த பையன்
தொண்ணூற்றாறு என்று எழுதிக் காட்டினான்,
வாயால் சொன்னது எனக்கு எட்டவில்லை.

நான் ஸ்டோர்.
கையுறை, கிரீஸ், திருகாணி, காதடைப்பான்
எல்லாம் என் நோட்டில்.
போன வருஷம் ஆரஞ்சு நிறக் காதுமூடி வாங்கினோம்.
இருப்பதிலேயே அதிகம் தடுப்பது என்று
அட்டையில் போட்டிருந்தது, விலையும் அப்படித்தான்.
அறுபது வாங்கினோம்.
அறுபதும் கழுத்தில் கிடந்தன,
ஆடிட் வரும் நாளில் மட்டும் மேலே ஏறின.

ஏன் என்று மெமோ போனது.
நான் டீ இடைவேளையில் போனேன்.

தேசிங்கு கண்ணாடிக்காரர்.
கண்ணாடிக் கால் நுழையும் இடத்தில் சந்து விடுகிறது,
"அந்தச் சந்து வழியா பதினெட்டு மிஷினும் உள்ள வந்துடுது."
ஜைத்தூனுக்கு முக்காட்டின் மேல் போட்டால் வழுக்குகிறது,
உள்ளே போட்டால் மே மாதம் வேகிறது.
அந்துவான் ஒன்றும் சொல்லாமல்
தன்னுடையதைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

பத்து நிமிஷம்.
பொட்டில் இடுக்கி.
வேர்வை காதுக்குள் இறங்கியது.
அதைவிட மோசம் அந்த அமைதி,
பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட்
முழங்கையை உரசிய பிறகுதான் திரும்பினேன்.
"மூணாம் நம்பர் பேரிங் போறதுக்கு முன்ன
அதோட குரல் மாறும்.
இதப் போட்டா அது எனக்குக் கேக்காது."

அன்றைக்கு மேலே எழுதி அனுப்பினேன்:
எவ்வளவு தடுக்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள்,
எட்டு மணி நேரம் காதில் தங்குமா என்று பாருங்கள்.
கழுத்தில் தொங்குவது தடுப்பது சைபர்.
மேனேஜர் 'எட்டு' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டார்,
வேறொன்றும் போடவில்லை.
அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

சாம்பிள் ஏழு வகை வந்தது.
உருட்டி நுழைத்தால் மெல்ல விரியும் நுரை
தேசிங்குக்குச் சரிப்பட்டது,
ஆனால் கிரீஸ் கையோடு உருட்டக்கூடாது,
அதற்காக வாசலில் ஒரு குழாயும் சோப்பும் கேட்டு வாங்கினேன்.
நூல் கட்டிய சிலிக்கான், அடுக்கடுக்காக மூன்று மடிப்பு,
ஜைத்தூன் முக்காட்டுக்குள் அது இருப்பதே தெரியாது.
அந்துவானுக்குக் கொஞ்சம் குறைவாகத் தடுப்பது.
மூன்றாம் நம்பரின் பக்கத்தில் போய் நின்று
தலையை ஆட்டினார், கேட்கிறதாம்.

அஞ்சலாட்சி மட்டும்
எதைப் போட்டாலும் பிடுங்கினாள்.
நடுத்தரம் இடது காதில் வலித்தது,
சிறிது வலது காதிலிருந்து தானாக விழுந்தது.
"என் காதே சரியில்லக்கா, வுடுங்க."
பதினோரு வருஷமாக அந்த ஹாலில் இருக்கிறாள்.
டிவியை ஏன் இப்படி அலற விடுறே என்று
மகன் சண்டை போடுவதைச்
சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
காது சரியாகத்தான் இருந்தது,
இரண்டும் இரண்டு அளவு.
செருப்புக் கடையில் இப்படிக் கேட்டால் விரட்டுவார்கள்.

இரண்டு பாக்கெட்டைப் பிரித்தேன்,
நூலை வெட்டினேன்,
சிறிதையும் நடுத்தரத்தையும் முடிச்சுப் போட்டேன்.
முடிச்சு அவள் பிடரியில் உட்கார்ந்தது.
பிரஸ்ஸுக்குப் போனாள்.
சாப்பாட்டு மணி வரை
கை காதுக்குப் போகவேயில்லை.
ஸ்டோரைத் திறந்து போட்டுவிட்டு
நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேஜையில் மிச்சம் ஒரு சிறிது, ஒரு நடுத்தரம்.
உடைந்த ஜோடியை நோட்டில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
வேறு யாருக்குச் சேரும்?
சாயங்காலம் பூட்டும்போதுதான் உறைத்தது,
இதுவும் அவள் ஜோடிதான்,
கழுவிக் காயப்போடும் நாளுக்கு மாற்று.

அஞ்சலாட்சி, ஜோடி இரண்டு
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஆடிட்டர் வட்டம் போட்டுக் கேட்பார்.
கேட்கட்டும்.